பேலியோவில் பழத்துக்கு 'நோ'... காய்கறி மட்டும் போதுமா?

"மூணு மாசமா சோறு தொடலை. வாழைப்பழம்கூட கூடாதாம்!" உங்கள் ஆபீஸிலும் இப்படிச் சொல்லும் ஒருவர் இருப்பார். ஏன், அது நீங்களாகவேகூட இருக்கலாம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொன்னது. அந்தப் பயமும் தொப்பைக் கவலையும் சேர்ந்துதான் பலரை பேலியோ, கீட்டோ பக்கம் தள்ளுகின்றன.

அதில் பழத்துக்கு ஏன் தடை? கணக்கு சிம்பிள். கீட்டோவில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து பொதுவாக 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலேயே சுமார் 27 கிராம் இருக்கிறது. ரெண்டு பழம் சாப்பிட்டால் அன்றைய கோட்டா காலி!

பழம் இல்லாமல் உடம்பு தாங்குமா? தாங்கும். பழத்தில் மட்டுமே கிடைக்கும் அத்தியாவசியச் சத்து என்று எதுவும் இல்லை. பொட்டாசியத்துக்குக் கீரை இருக்கிறது, நார்ச்சத்துக்கு அவரையும் வெண்டையும் இருக்கின்றன. 100 கிராம் பச்சைக் குடமிளகாயில் சுமார் 80 மி.கி வைட்டமின் சி உண்டு. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே அவ்வளவுதான். பெண்ணுக்கு 65 மி.கி.

ஆனால், ரெண்டு இடத்தில் இந்தக் கணக்கு இடிக்கும்.

ஒன்று, சமையல். வைட்டமின் சி சூட்டில் சிதையும், தண்ணீரில் கரையும். நாம் காயை வேகவைத்து, சில வீடுகளில் தண்ணீரையும் வடித்துவிடுகிறோம். பழத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அப்படியே சாப்பிடுகிறோம்.

இன்னொன்று, அளவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி ஒரு நாளைக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும். தட்டின் ஓரத்தில் இருக்கும் ரெண்டு கரண்டி பொரியலை எடை போட்டுப் பாருங்கள், புரியும். பலருக்கு டயட் ஆரம்பித்ததும் முட்டையும் பனீரும்தான் ஏறுகின்றன, காய் பழைய அளவிலேயே நிற்கிறது. பழமும் போய், காயும் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் முதலில் வந்து நிற்கும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. 100 கிராம் கொய்யாவில் மாவுச்சத்து சுமார் 14 கிராம், அதில் 5 கிராம் நார்ச்சத்துதான். அதில் பாதி சாப்பிட்டாலே அன்றைய வைட்டமின் சி கிடைத்துவிடும். ஒரு பெரிய நெல்லிக்காயும் ஓகே. ஜூஸ் மட்டும் வேண்டாம். நார் போய், சர்க்கரைதான் மிஞ்சும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்காதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்குக் கீரையின் பொட்டாசியமே ஆபத்தாகலாம்.

மற்றவர்கள் ஒரு வாரம் உங்கள் காய்கறியை எடை போடுங்கள். தினமும் 400 கிராம் வருகிறதா, அதில் கொஞ்சமாவது பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் பழம் இல்லை என்று பயப்பட வேண்டாம். வரலையா? கொய்யாவைக் கைவிட்டுடாதீங்க!