குர்பானித் தோலும் வில்லின் முதுகும்



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி எழுகிறது. இறைச்சியைப் பங்கிட்டாயிற்று, தோலை என்ன செய்வது? முன்பெல்லாம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் தோல்களைச் சேகரித்தன. அவை ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் போன்ற ஊர்களின் பதனிடும் ஆலைகளைச் சென்றடைந்தன. அந்த வருவாய் ஏழைகளுக்கு உதவியது. சில ஆண்டுகளாக ஆட்டுத்தோலின் விலை வீழ்ந்து கிடக்கிறது. ஏற்றிச் செல்லும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று வியாபாரிகள் ஒதுங்குவதால், பல இடங்களில் தோல் குழிக்குள் போகிறது. அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் ஒரு பகுதி இவ்வாறு வீணாவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளலாகாது.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துவிட்டபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். செத்த ஆட்டின் தோலுக்கே இவ்வளவு அக்கறை என்றால், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த குர்பானி ஆட்டின் தோலைப் புதைப்பது எப்படித் தகும்?

அத்தோலுக்கு நான் முன்வைக்கும் பயன்களுள் ஒன்று பலருக்கும் வியப்பளிக்கலாம்: மரவில்லின் முதுகுக்கு ஒட்டுத்தோல்.

நாஞ்சில் நாட்டில் வில் என்றதும் வில்லுப்பாட்டே நினைவுக்கு வரும். எய்வதற்கான வில்லோ நம் வீடுகளிலிருந்து மறைந்து வெகுகாலமாகிவிட்டது. ஆனால் அது நம் மார்க்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது. இஸ்மாயீல் (அலை) அவர்கள் வில்லாளி. அல்லாஹ்வின் பாதையில் முதல் அம்பை எய்தவர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி). ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதில் 50 வில்லாளிகளைக் குன்றின்மீது நிறுத்தினார்கள் நபி (ஸல்) அவர்கள். வில்வித்தையைக் கற்றபின் கைவிடுவதை அவர்கள் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இன்று அது விளையாட்டு. நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' பிரிவில் 30, 50 மீட்டர் தூர இலக்குகளுக்கு மூங்கில் வில்லாலும் மரவில்லாலும் எய்கிறார்கள்.

மரவில்லை வளைக்கும்போது, இலக்கை நோக்கியிருக்கும் பக்கமான முதுகு இழுபடுகிறது. எய்பவரை நோக்கியிருக்கும் வயிறு அழுந்துகிறது. முதுகில் மரத்தின் இழை எங்கேனும் அறுபட்டிருந்தால் அங்கே சிராய் கிளம்பும்; அடுத்த இழுப்பில் வில் ஒடிந்து முகத்தில் தெறிக்கலாம். முதுகில் ஒட்டிய பச்சைத்தோல், அதாவது பதனிடாமல் உலர்த்திய தோல், அந்தச் சிராயை எழவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. மெல்லிய ஆட்டுத்தோல் இதற்கு மிக ஏற்றது. துருக்கிய, அரபு வில்களின் முதுகில் ஒட்டிய விலங்கு நரம்பைப் போல இது வேகத்தைக் கூட்டாது. தடித்துவிட்டால் சற்றுக் குறைக்கவும் செய்யும். இதன் வேலை காப்பது மட்டுமே. தவறாகச் செதுக்கிய வில்லை எந்தத் தோலும் காப்பாற்றாது.

செய்முறை கடினமன்று. தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டி, சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து, மயிரை நீக்கி, நன்றாக அலசி, சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு பட்டைகளாக வெட்டி மீண்டும் நனைத்து, தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தால் ஒட்டித் துணியால் இறுகச் சுற்றிவைக்க வேண்டும். ஒரே தோலில் முழு நீளம் கிடைக்காவிட்டால், இரு பட்டைகளைப் பிடியருகே சந்திக்க வைக்கலாம். மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில், இரு பருவமழையும் உப்புக்காற்றும் உள்ள நிலையில், வார்னிஷ் பூசுவது கட்டாயம். ஈரம் பட்டால் தோலும் வச்சிரமும் இளகிவிடும்.

கண்ணாடியிழையோ லினன் துணியோ போதாதா என்று கேட்கலாம். போதும். தோல் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் தோலைப் புதைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

வாங்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும். நாய்கள் கடிப்பதற்கென்று விற்கப்படும் தோல் துண்டுகளைப் பிரித்து வில்லில் ஒட்டுவோர் உண்டு. அவற்றுள் பன்றித்தோலும் உண்டு. மற்றவை எப்படி அறுக்கப்பட்டவை என்பதும் தெரியாது. முறைப்படி அறுத்த ஆட்டின் தோல் பதனிடாமலே தூய்மையானது. செத்த பிராணியின் தோலோ பதனிட்டால்தான் தூய்மையாகும். வெயிலில் உலர்த்துவதே போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் அது போதாது. பன்றித்தோல் எவ்வகையிலும் தூய்மையாகாது. வியர்த்த கையால் பிடிக்கும் பொருள் என்பதால் இது சிறிய செய்தியன்று. குர்பானித் தோலில் இந்த ஐயமே எழாது.

இன்னொரு வரம்பும் உண்டு. குர்பானித் தோலை அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்கலாகாது. அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) இட்ட கட்டளை அது. ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானி கொடுத்தவர் அதை விற்கவும் கூடாது. ஆகவே அத்தோல் ஒட்டிய வில்லையும் விற்பனைப் பொருளாக்க வேண்டாம்; வீட்டில் வைத்துக்கொள்ளலாம் அல்லது தர்மமாகக் கொடுக்கலாம். நேர்ச்சைக் குர்பானியின் தோல் முழுவதும் ஏழைகளுக்கே உரியது.

எல்லோரும் வில் செய்ய வேண்டியதில்லை. ஃபக்கீர்களின் தாயிராவுக்கும் தஃபுக்கும் ஆட்டுத்தோல் வேண்டும். பதனிட்டால் தொழுகை விரிப்பாகும். ஒவ்வொரு ஜமாஅத்தும் வரும் பெருநாளுக்கு முன்பே தோலுக்கென ஒரு திட்டம் வகுத்து, ஒரு சில தோல்களையேனும் இளைஞர்கள் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க, பாதுகாப்பான திடலில் பிள்ளைகள் எய்யப் பழகட்டும். ஒரு சுன்னத்தை உயிர்ப்பித்த நன்மையும், ஒரு வீண்விரயத்தைத் தவிர்த்த நன்மையும் ஒரே தோலில் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல ரஹ்மான் நம் குர்பானிகளை முழுமையாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.