பெரிய சென்சார் இருந்தால்தான் ‘பேக்ரவுண்ட் பிளர்’ வருமா? போன் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விலை உயர்ந்த ஸ்மார்ட்போன்களில் மெகாபிக்சல் பேச்சு கொஞ்சம் அடங்கி, சென்சார் அளவு முன்னுக்கு வந்திருக்கிறது. 2021-ல் ஷார்ப் அக்குவோஸ் ஆர்6, 2022-ல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா ஆகியவை ‘ஒரு இன்ச்’ சென்சாருடன் வந்தன. பெரிய சென்சார் என்றால் முகம் பளிச்சென்றும் பின்னணி மங்கலாகவும் விழும் என்பது வாங்குபவர்களின் கணக்கு. அது பாதிதான் சரி.

பின்னணியை மங்கலாக்குவது எது?

ஃபோகஸ் செய்த இடத்துக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ, அதுதான் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’. அது குறையக் குறைய பின்னணி மங்கும். இதில் முக்கியமானவை இரண்டு: லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அகலம், எதிரில் இருப்பவர் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பது.

அப்போ சென்சாருக்கு என்ன வேலை?

போனின் மெயின் கேமரா லென்ஸின் குவியத்தூரம் பொதுவாக 7 மி.மீ. அளவில் இருக்கும். எஃப்/1.8 என்றால் துளை 4 மி.மீ.கூட வராது. 36×24 மி.மீ. சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதே இடத்தில் நின்று அதே காட்சியை எடுக்க 24 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதே எஃப்/1.8-ல் துளை 13 மி.மீ. ஆகிவிடும். பிளர் கூடுவதற்குக் காரணம் இதுதான். போனின் எஃப்/1.8 தரும் பிளர், ஃபுல் ஃபிரேமில் சுமார் எஃப்/6 வைத்து எடுப்பதற்குச் சமம்.

லென்ஸையும் நிற்கும் இடத்தையும் மாற்றாமல் சென்சாரை மட்டும் சிறிதாக்கினால்? படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்த மாதிரிதான். அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகும்.

பெரிது என்றாலே நல்லதா?

எப்போதும் இல்லை. பெரிய சென்சார் போனில் ஆதார் அட்டையையோ பில்லையோ கிட்டத்தில் படம் எடுத்தால் நடுவில் எழுத்து தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் வரலாம். ஷாவ்மி 14 அல்ட்ராவில் துளையை எஃப்/1.63-லிருந்து எஃப்/4 வரை சுருக்கும் வசதி இருப்பது இதற்கும் கைகொடுக்கிறது.

போர்ட்ரெய்ட் மோட் செய்வது என்ன?

சிறிய சென்சாரால் முடியாததை சாஃப்ட்வேர் செய்கிறது. 2016-ல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களை வைத்து தூரத்தைக் கணித்தது. 2017-ல் கூகுள் பிக்சல் 2 பின்பக்கம் ஒரே லென்ஸுடன் அதைச் செய்தது. கணிப்பு தவறும் இடத்தில்தான் தலைமுடியும் கண்ணாடி ஃபிரேமும் பின்னணியோடு சேர்ந்து மங்கிப்போகின்றன.

கடையில் எப்படிப் பார்ப்பது?

‘ஒரு இன்ச்’ என்பது வெறும் பெயர்தான். அந்த சென்சாரின் உண்மையான அளவு சுமார் 13.2×8.8 மி.மீ. எனவே சென்சார் அளவோடு எஃப் எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிறகு போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு கைக்கெட்டும் தூரத்தில் ஒரு முகம், கிட்டத்தில் ஒரு பில் என இரண்டு படம் எடுத்துப் பார்த்தால் போதும். அதிகப் பணம் கொடுப்பது லென்ஸுக்கும் சென்சாருக்குமா, சாஃப்ட்வேருக்கா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.