மூன்று வாரப் பிள்ளை



சென்ற திங்களில் ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்தபின் ஒரு தாயார் பங்கு இல்லத்தின் வாசற்படியில் வந்து நின்றார். கையில் ஒரு பாரம். "தோத்திரம் சாமி. பையன் ஜெர்மனிக்குப் போகணுங்கிறான். மூணு வாரம் அங்க ஒரு வீட்ல தங்கிப் படிச்சிட்டு வரணுமாம். அது சரி சாமி. அப்புறம் அந்த வீட்டுப் புள்ளை நம்ம வீட்ல வந்து மூணு வாரம் தங்குமாமே! எங்க வீட்ட நீங்க பாத்திருக்கீங்க இல்ல?" என்றார்.

பார்த்திருக்கிறேன். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் நான் மந்திரிக்காத வீடு அநேகமாக இல்லை. அந்தத் தாயாருக்கு உடனே விடை கூற என் நா எழவில்லை. ஏனெனில் இதே கேள்விக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குடும்பத்திற்குத் தவறான விடை கூறியவன் நான். அக்கதையை இம்முறை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டா, பங்கு மக்கள் அறிவார்கள்.

2023 அக்டோபரில் நம் பங்கின் பீடச்சிறுவன் ஒருவன் ஜெர்மனிக்குச் சென்றான். பதினொன்றாம் வகுப்பு மாணவன். தந்தை கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவர். தாய் கூடை சுமந்து மீன் விற்பவர். பள்ளியில் ஜெர்மன் மொழி கற்ற பிள்ளைகளில் சிலரை மாணவர் பரிமாற்றத்திற்குத் தேர்ந்தெடுத்தார்கள். இவனும் அதில் ஒருவன். செலவில் பெரும்பங்கைத் திட்டத்தாரே ஏற்றுக்கொண்டனர். எஞ்சியதற்குத் தாய் தன் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தார்.

பள்ளிப் பிள்ளைகளை அயல்நாட்டு விடுதிகளில் அடைக்காமல் குடும்பங்களில் தங்கவைக்கும் வழக்கம் போரின் சாம்பலிலிருந்து எழுந்த ஒன்றாகும். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுப் போர்க்களங்களில் காயமுற்றோரை வண்டிகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்கள், இரண்டாம் போரும் முடிந்தபின், 1947-இல் இப்பணியைத் தொடங்கினார்கள். ஒரே மேசையில் உண்டவர்கள் பிற்பாடு ஒருவர்மேல் ஒருவர் குண்டு வீசத் தயங்குவார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

தமிழருக்கோ இது இன்னும் பழையது. 1714-இல் தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு ஐயர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். 1716-இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் அச்சான தமிழ் இலக்கண நூலுக்கு அந்த இளைஞரின் துணை பெரிது. நூலின் முகப்பில் உள்ள பெயர் சீகன்பால்கினுடையது மட்டுமே. அவர்கள் லுத்தரன் சபையார். ஆயினும் கடல் கடந்து போய்த் தன் மொழியைக் கற்றுக்கொடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளையை நினைக்கச் சபை வேற்றுமை தடையாகாது.

நம் பையனுக்கு வாய்த்தது கொலோன் நகருக்கு அருகே ஒரு சிற்றூர். தந்தை, தாய், அவன் வயதொத்த மகன், ஒரு சிறுமி, கணவரை இழந்த பாட்டி. அவனுக்கென்று ஒரு தனி அறை. பிறந்தது முதல் ஐவர் நடுவே பாயில் உறங்கியவனுக்கு அந்த அறையின் அமைதி தாங்கமுடியாததாக இருந்திருக்கிறது. முதல் இரவு கதவைத் திறந்துவைத்து, நடையின் விளக்கையும் அணைக்காமல் படுத்தானாம். வீட்டாருக்கு அது புரியவில்லை; யாரோ எழுந்துவந்து அன்போடு கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

அதைவிடக் கடுமையானது பசி. இரவு உணவு அங்கே பல வீடுகளில் அடுப்பில் ஏறுவதில்லை; ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரி, அவ்வளவே. இவன் அதைப் பலகாரம் என்று எண்ணிச் சோற்றுக்குக் காத்திருந்தான். "இன்னும் வேண்டுமா?" என்று அந்த அம்மையார் கேட்டபோது, நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளை ஆயிற்றே, "வேண்டாம்" என்றான். நம் ஊரில் வேண்டாம் என்பது பேச்சின் தொடக்கம். இரண்டு முறை மறுத்தபின் மூன்றாம் முறை தட்டில் விழுந்துவிடும். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே பொருள். அவன் சொல்லை மதித்துத் தட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று இரவுகள் பட்டினி. நான்காம் நாள் அந்தச் சிறுமிதான் கண்டுபிடித்து, "இவர் பொய் சொல்கிறார் அம்மா" என்றாளாம்.

ஒருநாள் அவர்களிடம் இவன், எங்கள் ஊரில் தந்திரக்காரனை எம்டன் என்பார்கள் என்று சொல்லியிருக்கிறான். எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள துறைமுக நகரம். அந்நகரின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அன்று முதல் அச்சொல் தமிழாகிவிட்டது. மேசையில் ஒருவருக்கும் இச்செய்தி தெரியவில்லை. பாட்டி மட்டும் நெடுநேரம் சிரித்துவிட்டு, பிறகு "மன்னித்துக்கொள்" என்றாராம்.

கொலோன் பேராலயத்தைக் காட்டினார்கள். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்தார்களாம். நம் வட்டாரத்து மேம்பாலப் பணிகளைப் பற்றி நான் இனி முறையிடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தச் சிற்றூர்க் கோயிலில் ஞாயிறு திருப்பலிக்கு ஆள் இல்லை என்று அவன் வருந்தி எழுதியிருந்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் அந்நாட்டில் திருச்சபையை விட்டு விலகினார்கள். அவ்வீட்டுத் தந்தையும் கோயிலுக்குப் போவதில்லை. எனினும் நவம்பர் முதல் நாள், அனைத்துப் புனிதர் பெருவிழாவன்று, குடும்பமே கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றது. சிவப்புக் கூண்டுகளில் மெழுகுதிரி. பாட்டனாரின் கல்லறையில் காய்ந்த இலைகளை அகற்றி, அந்தத் தந்தை வெறுந்தரையில் முழந்தாளிட்டார். தீப்பெட்டியை வாங்கி நம் பையன் ஒரு திரியைக் கொளுத்தினான். அடுத்த நாள் நம் ஊரில் கல்லறைத் திருநாள். தன் பாட்டிக்கு இவ்வாண்டு தான் திரி ஏற்றவில்லையே என்று அங்கே அழுதுவிட்டான். அந்த ஒரு நாள்தான் அவ்வீட்டில் தான் அந்நியன் இல்லை என்று தோன்றியதாகத் திரும்பி வந்தபின் என்னிடம் கூறினான்.

வந்து ஒரு மாதம் ஆகவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே ஆற்றுக்குள் பாய்ந்தது. நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்தி மரங்களின் வேர், கூழைக்கடாவின் சிறகு, எல்லாம் கருப்பு. நம் ஆண்கள் வாளியும் குவளையுமாக ஆற்றிலிருந்து எண்ணெயை மொண்டதை இக்கண்களால் கண்டேன். வலை போயிற்று, நண்டு போயிற்று, பிடித்த மீனையும் எண்ணெய் நாற்றம் என்று வாங்குவாரில்லை.

ஜெர்மன் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அந்தத் தந்தை எழுதியிருந்தார்: தாம் இளைஞராய் இருந்தபோது, 1986 நவம்பரில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே ஓர் இரசாயனக் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீர் நஞ்சோடு ரைன் ஆற்றில் இறங்கிற்று, விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன, ஆற்றங்கரை நாடுகள் கூடிப் பல ஆண்டுகள் பாடுபட்டபின் சால்மன் மீன் மீண்டும் ரைனில் ஏறி வருகிறது. முடிவில் ஒரு வரி: பிப்ரவரியில் எங்கள் மகன் வரலாமா, அல்லது உங்களுக்குச் சுமையாகுமா?

என் பிழை இங்கேதான் தொடங்குகிறது. திட்டத்தாரின் பாரத்தில் "விருந்தினருக்குத் தனி அறை உண்டா?" என்று ஒரு கேள்வி. தந்தை "இல்லை" என்று எழுதினார். வீடு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். வெள்ளை அடித்த பின்னும் எண்ணெய் நின்ற மட்டம் சுவரில் இடுப்பளவில் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் இரக்கப்பட்டேன். பையனை அழைத்து, "உன் நண்பன் பங்கு இல்லத்தில் தங்கட்டும். மாடியில் கட்டில், மின்விசிறி, குளியலறை எல்லாம் இருக்கிறது. பகலில் உன்னோடு சுற்றட்டும். உன் பெற்றோருக்கும் சிரமம் இல்லை" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் பீடத்துக்கு வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் தாய் வந்தார். மீன்கூடைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணி தோளிலேயே இருந்தது.

"சாமி, அந்த அம்மா எம் புள்ளைக்கு மூணு வாரம் சாப்பாடு போட்டிருக்காங்க. அவங்க புள்ளைக்கு நீங்க சோறு போட்டா, நான் அந்த அம்மாவுக்கு என்னான்னு எழுதுவேன்? எண்ணெ வந்து எங்க வலைய எடுத்துக்கிச்சு. இதையும் நீங்க எடுத்துக்காதீங்க சாமி."

பூந்தமல்லி குருமடத்தில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்கள் எவரும் இப்படி என்னை வாயடைக்கச் செய்ததில்லை. கொடுக்கும் இடத்தில் நிற்பது எங்களைப் போன்றோருக்குப் பழகிப்போன வசதி. அந்த வசதியில் நான், அவர்களிடம் எஞ்சியிருந்த ஒன்றைப் பறிக்கப் பார்த்தேன். பெற்றுக்கொண்டவர்கள் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உள்ளவர்கள் என்பது என் நினைவில் எழவேயில்லை. அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன், காபி கொடுத்தார்கள்.

2024 பிப்ரவரியில் அந்தப் பிள்ளை வந்தான். கேன் தண்ணீர், ஒரு கொசுவலை, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் மின்விசிறி. ஏற்பாடு அவ்வளவே. முதல் இரவு அவனுக்கும் உறக்கமில்லை. கன்டெய்னர் லாரிகளின் ஓசை. மூன்றாம் நாள் வயிறு கெட்டது, காரணம் காரமன்று. "போதும்" என்று அவன் சொல்லச் சொல்லத் தாய் போட்டுக்கொண்டே இருந்தார். தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாலொழிய நம் வீடுகளில் "போதும்" செல்லாது என்று நம் பையன் அவனுக்குத் தாமதமாகவே கற்றுக்கொடுத்தான். வேண்டுமென்றே தாமதித்தான் என்பது என் ஐயம். கொலோனில் கிடந்த மூன்று இரவுப் பட்டினியை அவன் மறந்திருக்கமாட்டான்.

சுவரின் கோட்டைப் பார்த்து அவன் கேட்டான். தந்தைக்கு ஜெர்மன் தெரியாது. மகனை மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. விரலால் கோட்டைத் தொட்டு, ஆற்றைக் காட்டி, வலையைக் காட்டினார். அந்தப் பிள்ளை தன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப்போய், பிறகு ஏனோ பிடிக்காமல் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் விடியற்காலையில் அவரோடு ஃபைபர் படகில் ஏறி, வலை இழுத்து, உள்ளங்கையெல்லாம் கொப்புளத்தோடு கரை சேர்ந்தான். ஆறு அப்போதும் முழுமையாகத் தேறவில்லை. அன்று கிடைத்தது ஒரு கூடைக்கும் குறைவு. அதில் பெரிய இரண்டு நண்டுகளை விற்காமல் அவனுக்கே சமைத்தார்கள்.

புறப்படும் நாளில் தாய், அந்த அம்மையாருக்கென்று ஒரு பொட்டலம் கொடுத்தார்: கருவாடு. விமானத்தில் அது என்ன பாடுபட்டதோ, சுங்கத்தார் என்ன சொன்னார்களோ, அறியேன்.

இக்கதையை அன்று வாசற்படியில் நின்ற தாயாருக்கும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "அப்ப பாரத்துல தனி அறை இல்லைன்னே எழுதிடட்டுமா சாமி?" என்றார். எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். பதினைந்தாம் தேதிக்குள் பள்ளியில் சேர்த்துவிட வேண்டுமாம். கொசுவலை வேண்டுமானால் பங்கு இல்லத்தில் ஒன்று இருக்கிறது, இரவலாகத் தருகிறேன்.