ஏழு கிலோ இரும்பும் மூன்று கிலோ காற்றும்

தொண்டிக் கடற்கரையில் வத்தைப் படகுகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய நங்கூரம் ஒன்றைத் தடவிப் பாருங்கள். செம்பழுப்பாகச் செதில் செதிலாகக் கையோடு வரும். "உப்புக்காத்து தின்னுருச்சு" என்பார்கள். தின்றதென்றால் எடை குறைய வேண்டும். ஆனால் உதிர்ந்த செதிலை ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளி, மிச்ச இரும்போடு சேர்த்துத் தராசில் வைத்தால், புதிதாக இருந்தபோது இருந்ததைவிடக் கூடுதலாகவே காட்டும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி மனதில் விழுந்துவிட்டால், வேதிச் சமன்பாட்டை ஏன் சமன் செய்கிறோம் என்பது பாதி விளங்கிவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு இது எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, இரு பக்கமும் ஒத்துவந்ததும் அடிக்கோடு போடுகிற புதிர். மதிப்பெண் கிடைத்துவிடுகிறது, எதை எண்ணினோம் என்பதுதான் நிற்பதில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எண்ணைக் காட்டிய நாம் பொருளைக் காட்டவில்லை.

நங்கூரத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் இரும்பும் ஆக்சிஜனும். வலப்பக்கம் துரு. இரும்பைத் தனித்தனி அணுவாகவே எண்ணலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனோ எப்போதும் இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்தே திரியும். துருவில் 2 இரும்புக்கு 3 ஆக்சிஜன் என்பது கட்டு. இங்கேதான் சிக்கல்: வருவது ஜோடியாக, போய்ச் சேருவது மும்மூன்றாக. பஸ்சிலிருந்து இருவர் இருவராக இறங்குகிறார்கள், வெளியே நிற்கும் ஆட்டோ சரியாக மூன்று பேர் ஏறினால்தான் கிளம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் விடுபடாமல் இருக்க 6 பேர் வேண்டும்; அதாவது 3 ஜோடி, 2 ஆட்டோ. ஆக, ஆக்சிஜன் மூலக்கூறு 3, துரு 2. இரண்டு துருவில் 4 இரும்பு இருக்கிறது. இடப்பக்கமும் 4 இரும்பு போட்டால் கணக்கு முடிந்தது. 4 இரும்பு, 3 ஆக்சிஜன் மூலக்கூறு, 2 துரு. முரண்டு பிடிக்கிற ஆக்சிஜனை முதலில் கவனித்ததால் இரும்பு தானாக வழிக்கு வந்தது. தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஒத்துவரவில்லை என்றதும் ஆக்சிஜனுக்குக் கீழே இருக்கும் சின்ன 2ஐ அழித்து 3 என்று போட்டுவிடுவார்கள். அது ஆக்சிஜனே இல்லை, ஓசோன். தண்ணீரின் வாய்ப்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற அந்த மருந்தை யாராவது தாகத்துக்குக் குடிப்பார்களா? கீழே உள்ள எண் அது என்ன பொருள் என்று சொல்கிறது. முன்னால் போடுகிற எண் எத்தனை என்று சொல்கிறது. எத்தனை என்பதை நாம் மாற்றலாம். என்ன என்பதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை.

இனி எடைக்கு வருவோம். அணு எடைகளைப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 7 கிலோ இரும்பு 3 கிலோ ஆக்சிஜனைப் பிடித்து 10 கிலோ துருவாகிறது. நிஜத் துருவில் நீரும் சேர்ந்திருக்கும் என்பதால் எடை இன்னும் கூடும். இந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, 1774இல் வேதியியலாளர் லவாய்சியே வெள்ளீயத்தை மூடி முத்திரையிட்ட கலத்தில் சூடாக்கினார். உலோகம் நிறம் மாறிப்போனது, கலத்தின் மொத்த எடை மட்டும் மாறவில்லை. கலத்தைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே புகுந்தது. உள்ளிருந்த காற்றில் ஒரு பகுதி உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது அதில் தெரிந்தது. கடலோர வீடுகளில் கூரையின் கான்கிரீட் பிளந்து கம்பி பல்லைக் காட்டுவதும் ஆக்சிஜனின் இதே வரவால்தான். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கான்கிரீட்டை வெடிக்க வைத்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் நேர்மாறு. சுத்தமான 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் தேறும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எல்லா எண்ணும் 1 என்பதால் சமன் செய்ய அதில் வேலையே இல்லை. ஆனாலும் அந்த 44ஐ எழுதாவிட்டால் கணக்கு பொய்.

இவ்வளவுக்கும் பிறகு இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளை ஒரு கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும்: துருப்பிடிக்க வைப்பதே உப்புதானே, அது ஏன் சமன்பாட்டில் இல்லை? ஏனென்றால் உப்பு துருவுக்குள் பங்காளியாகச் சேர்வதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் மின்னேற்றம் சுலபமாக ஓட வழிவிடுகிறது. வேலையை விரைவுபடுத்திவிட்டுத் தான் உப்பாகவே மிஞ்சுகிறது. சமன்பாடு எவ்வளவு என்று சொல்லும், எவ்வளவு வேகம் என்று சொல்லாது. வேகத்தை அறிய வேறு அறிவு வேண்டும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியிருந்ததற்கும், 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்ததற்கும் பின்னால் இருப்பது அந்த வேகம். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் மண்டபத்துக் கடலோரத்தில் உலோகங்களைக் காற்றுக்கும் நீருக்கும் கொடுத்து வைத்துப் பார்ப்பதும் அதை அளக்கத்தான்.

பாலத்துக்கு அடிக்கும் பெயிண்டும் படகு எஞ்சின் போல்ட்டில் அப்பும் கிரீஸும் செய்வது ஒரே வேலைதான். நீரையும் இடப்பக்கத்து ஆக்சிஜனையும் இரும்பிடம் வரவிடாமல் தடுக்கின்றன. தடுப்பு நிற்கும்வரை வலப்பக்கம் எழுத ஒன்றுமிருக்காது.