பெருக்கல் கப்பிக்கு, கழித்தல் நமக்கு!



நம்ம உயிரியல் லேப் ஜன்னலோரம் இருக்கிற மீன் தொட்டியை இந்த வாரம் எத்தனை பேர் பார்த்தீர்கள்? ஆடி மாசம் 2 ஆண், 3 பெண் என்று 5 கப்பி மீன்தான் வந்தது. இப்போது எண்ணி முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புத் தம்பிகள் 140 என்கிறார்கள், எங்கள் வகுப்பில் 160 என்கிறார்கள். தண்ணி கலங்கிப் போய், பாதி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ரெண்டு பதில் வருகிறது. ஒன்று: “அரைப்பரீட்சை லீவுக்கு முன்னாடி ஒரு பக்கெட்டில் அள்ளி வண்டியூர் கண்மாயிலோ தெப்பக்குளத்திலோ விட்டுடலாம், பாவம், பொழைச்சுப் போகட்டும்.” இன்னொன்று: “ஒண்ணும் செய்ய வேணாம், சாகிறது சாகட்டும்.” எனக்கு ரெண்டுமே பிடிக்கவில்லை. வெளியே விடவும் கூடாது, கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. எத்தனை வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு பண்ணி, மிச்சத்தைச் சின்னதிலேயே நாமே கழிக்க வேண்டும். கழிக்கிறது என்றால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், சில குஞ்சுகளைச் சாகடிப்பதுதான். படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் படியுங்கள்.

முதலில் கணக்கு. நம்ம தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 2 கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். மணல், கல் போக 45 லிட்டர் என்று வையுங்கள். ஒரு பெரிய கப்பிக்கு 2 லிட்டராவது வேண்டும். அப்படிப் பார்த்தால் 20, 22 மீனுக்குத்தான் இடம். கப்பி முட்டை போடுகிற மீன் இல்லை, குட்டி போடும். ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு 20, 30, சில சமயம் அதற்கும் மேலே. அந்தக் குட்டிகள் மூணு மாசத்துக்குள் தாங்களே குட்டி போட ஆரம்பித்துவிடும். இன்னொரு வேடிக்கை, ஆண் மீனைத் தூக்கித் தனியாக வைத்துவிட்டாலும் பெண் மீன் பல மாசத்துக்குக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். ஆணிடமிருந்து வந்த விந்தணுவை உடம்புக்குள் சேமித்து வைக்கிற வித்தை அதற்குத் தெரியும். மதுரை போர் தண்ணி உப்புத் தண்ணி, நமக்குக் குடிக்க ஆகாது. கப்பிக்கோ கடினத் தண்ணிதான் ரொம்ப இஷ்டம். அப்புறம் பெருகாமல் என்ன செய்யும்?

நம்ம ஊரில் பாட்டிமார் ஒன்று சொல்வார்கள். மீன் தன் குஞ்சைப் பார்வையாலேயே காப்பாற்றுமாம், அந்த மாதிரி பக்தர்களைக் கண்ணாலேயே காக்கிறதால்தான் அம்மனுக்கு மீனாட்சி என்று பேராம். கேட்க அழகாக இருக்கிறது. கப்பி அம்மா இந்தக் கதையைக் கேட்டதில்லை போல! குட்டி போட்ட கையோடு திரும்பிப் பார்க்கும், பார்த்ததும் லபக். சொந்தக் குட்டியைத்தான். அதைக் கொடுமை என்று நினைக்காதீர்கள். அது பிறந்த தென் அமெரிக்கா, டிரினிடாட் பக்கத்து ஓடைகளில் போட்ட குட்டி எல்லாம் பிழைத்தால் ஓடை தாங்காது. பெரிய மீனும் பறவையும் தின்றது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நாம் அந்தப் பெரிய மீனையும் பறவையையும் எடுத்துவிட்டு, கண்ணாடிக்குள் வைத்துத் தீனியும் போடுகிறோம். பெருக்கல் வேலையை மீன் பார்த்துக்கொள்கிறது. கழித்தல் வேலை யாருக்கு என்றால் தொட்டி வைத்தவனுக்குத்தான்.

இப்போது “கண்மாயில் விடலாம்” கட்சிக்கு வருகிறேன். எண்டலர் என்ற விஞ்ஞானி 1970-களில் டிரினிடாட் ஓடைகளில் கப்பிகளை ஆராய்ந்தார். வேட்டை மீன் நிறைய இருக்கிற இடத்தில் ஆண் கப்பிகளுக்கு நிறம் மங்கல், வேட்டை மீன் குறைந்த இடத்தில் பளிச்சென்று நிறம். மங்கலான மீன்களைப் பாதுகாப்பான ஓடைக்கு மாற்றிப் பார்த்தார். சுமார் 2 வருஷத்தில் அதன் வாரிசுகளுக்கு நிறம் கூடிவிட்டது. இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? பளிச்சென்று இருக்கிறது முதலில் மாட்டும். நம்ம லேப் கப்பி வாலோ விசிறி மாதிரி, சிவப்பும் மஞ்சளும். கண்மாயில் விட்ட அன்றைக்கே கொக்குக்கும் விராலுக்கும் விருந்து. “பொழைச்சுப் போகட்டும்” என்று பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோமே, அதுவும் கழித்தல்தான். என்ன, பார்க்க மாட்டோம், அவ்வளவுதான்.

சரி, சிலது பிழைத்தால்? அது இன்னும் மோசம். நம்ம பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனி இல்லை, சங்கிலி மாதிரி. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். தண்ணி போகிற இடத்துக்கு மீனும் போகும். ஜிலேபி கெண்டை கதை தெரியுமா? ஆப்பிரிக்கா மீன் அது. 1952-ல் நம்ம மண்டபத்துக்குத்தான் முதலில் கொண்டு வந்தார்கள், சாப்பாட்டு மீன் பெருகட்டும் என்று நல்ல எண்ணத்தில். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற மீன், விடுமா? 1959-ல் இதை இனிமேல் பரப்பக் கூடாது என்று தடையே போட்டார்கள். அதற்குள் அது ஊர் ஊராகப் போயாச்சு. இன்றைக்கு எந்தக் கண்மாயில் தூண்டில் போட்டாலும் முதலில் வருவது ஜிலேபிதான். கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று விரல் நீளத்தில் விற்கிறார்களே, அந்த மீனும் தொட்டியிலிருந்து வெளியே போய் கேரளா, ஆந்திரா, கொல்கத்தா பக்கத்து நீர்நிலைகளில் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

“கொசுவை ஒழிக்க அதிகாரிகளே கப்பியை விடுறாங்களே?” என்று ஒரு அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. கொசுப்புழுவைக் கப்பி தின்னும், அது உண்மை. ஆனால் மூடிய கிணறு, தொட்டி என்று இடம் பார்த்து விடுவது வேற, லீவு வருகிறது என்று கண்மாயில் கொட்டுவது வேற. தவிர, தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன மீன் நம்ம கண்மாய் ஓரத்திலேயே நீந்தும், பார்த்திருப்பீர்கள். கொசுப்புழு அதற்கும் சாப்பாடுதான். உள்ளூர் ஆள் இருக்கும்போது வெளியூர் ஆள் எதுக்கு?

அப்படியானால் எப்போது கழிப்பது? என் கருத்து, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முதல் வாரத்திலேயே சில குஞ்சுகளைப் பார்த்தால் தெரியும். முதுகு வளைந்திருக்கும், மேலே வர முடியாமல் அடி மணலில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போகும், தீனி போட்டாலும் எட்டாது. அதுகளை வைத்திருப்பது இரக்கம் இல்லை, பட்டினி போடுவது. அடுத்தது நாலாவது வாரம். அப்போது ஆண் எது பெண் எது என்று தெரிய ஆரம்பிக்கும், ஆணுக்கு அடித் துடுப்பு குச்சி மாதிரி ஒடுங்கும், பெண்ணுக்கு வயிற்றோரம் கருப்புப் பொட்டு. அன்றைக்கே பிரித்துத் தனித்தனியாக வைத்துவிட்டால் அடுத்த தலைமுறைக் கழித்தலே பாதி குறைந்துவிடும். ஆனால் நிறம் சரியில்லை என்று ஒரு மாசத்துக் குஞ்சைக் கழிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறம் முழுசா வர மூணு மாசம் ஆகும். சின்னதாக இருக்கிறது என்று கழிப்பதும் தப்பு. ஆண் எப்பவுமே சின்னதுதான், தீனிக்கு முந்த முடியாததும் சின்னதாகத்தான் இருக்கும். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு, சென்னை கொளத்தூர் மாதிரி இடங்களில், நிறம்தான் காசு, அவர்கள் கணக்கு வேற. நாம் கடையா நடத்துகிறோம்?

எப்படி என்பதுதான் கஷ்டமான பகுதி. எனக்குச் சரி என்று படுவது, அதிகம் கை வைக்காத வழி. குட்டி போடும்போது தாயைத் தனியாகப் பிரிக்காமல், கொஞ்சம் வேலம்பாசி மட்டும் போட்டுத் தொட்டியிலேயே விட்டுவிடுவது. சுறுசுறுப்பானது பாசிக்குள் ஒளிந்து பிழைக்கும், மற்றதைப் பெரிய மீன் முதல் நாளே தின்றுவிடும். இதுவரை பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வைத்து எல்லாக் குட்டியையும் காப்பாற்றினோமே, அதை நிறுத்தினாலே போதும். பெரிய மீன் வளர்க்கிற வீட்டுக்கு இரையாகக் கொடுப்பதும் சரிதான், நோய் இல்லாத குஞ்சாக இருந்தால். ஆனால் அதைச் சுற்றி நின்று கைதட்டி செல்போனில் படம் எடுக்கிற வேலை வேண்டாம் சாமி!

வளைந்து போனது, நோய் வந்தது என்றால் கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு நாட்டு மருந்துக் கடையில் விற்பதுதான். எண்ணெய் தண்ணியில் சேராது, அதனால் சின்ன பாட்டிலில் தண்ணியோடு நன்றாகக் குலுக்கிக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணியே ஒரு லிட்டர் வேற பாத்திரத்தில் எடுத்து, குஞ்சை விட்டு, முதலில் 2, 3 சொட்டு. மயங்கிச் சாய்ந்த பிறகு மொத்தம் 10 சொட்டு வரைக்கும். செவுள் அசைவது நின்ற பிறகும் 10 நிமிஷம் கண்டிப்பாகக் காத்திருக்க வேண்டும், முன்னாடியே எடுத்தால் முழித்துக்கொள்ளும். அப்புறம் செடித் தொட்டியில் புதைத்துவிடலாம், வேறு மீனுக்குப் போடக் கூடாது. இதை உயிரியல் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், தம்பிமார் தனியாக முயற்சி பண்ணாதீர்கள்.

செய்யவே கூடாதது: கழிவறையில் போட்டுத் தண்ணி ஊற்றுவது, தரையில் வெயிலில் போட்டுவிடுவது, டம்ளர் தண்ணியோடு ஃபிரிட்ஜில் வைத்து மெதுவாக உறைய விடுவது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியே இவற்றை ஏற்கவில்லை. மீன் கத்தாது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் இல்லை.

அதனால் என் யோசனை இது. தொட்டிக்கு 20 மீன் என்று ஒரு எண்ணை எழுதி ஒட்டுவோம். இப்போது இருப்பதில் நல்லதாக 20 வைத்துக்கொண்டு, மிச்சத்தில் ஆரோக்கியமானதை வீட்டில் தொட்டி இருப்பவர்களுக்கு, கண்மாயில் விட மாட்டேன் என்று சொன்னால் மட்டும், கொடுப்போம். ஆண்களும் பெண்களும் வேற வேற வீட்டுக்கு. யாரும் கேட்காதது, வளைந்தது எல்லாம் மேலே சொன்ன மாதிரி. வேற யோசனை இருக்கிறவர்கள் சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் இந்தப் பலகைக்குக் கீழே இருக்கிற பெட்டியில் போடுங்கள். “பாவம்” என்று மட்டும் எழுதாதீர்கள், எத்தனை மீனை எங்கே வைப்பது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு