சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்



அயல்வீட்டு ராத்தா சென்ற மாதம் மகிழ்ச்சியோடு சொன்னார்: “கீசர்ல இருந்து சொட்டுச் சொட்டா வடிஞ்சி சுவரெல்லாம் பாசி. பாஸ் வந்து மூடி போட்டு இறுக்கிட்டார்.” கேட்டதும் நெஞ்சு பதறியது. அடைக்கப்பட்டது பாதுகாப்பு வால்வு!

நீர் சூடேறினால் பெருக்கும். 100 லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து 65 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லீற்றர் கூடுகிறது. நீர் திரும்பிப் போகாதபடி குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், கூடிய நீர் எங்கே போகும்? பாதுகாப்பு வால்வு வழியாகத்தான் சொட்டும். சூடாகும்போது சிறிது சொட்டுவது குற்றமல்ல. ஓயாமல் வடிந்தால் திருத்த வேண்டும், அடைக்கக் கூடாது.

தேர்மோஸ்டற் பழுதானால் ஆபத்து பெரிது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தாங்கி பிளந்தால் அதில் ஒரு பகுதி கண நேரத்தில் நீராவியாகிச் சீறும்.

இதனால்தான் பிரித்தானியக் கட்டட விதிகள் இத்தகைய பெரிய தாங்கிகளுக்குத் தேர்மோஸ்டற் மட்டும் போதாது என்கின்றன. அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு கட்-அவுட். அதுவும் தவறினால் சூடான நீரை வெளியேற்ற ஒரு வால்வு. வால்விலிருந்து வரும் குழாய், எவர் மேலும் சுடுநீர் படாத இடத்தில் திறந்தபடி முடிய வேண்டும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. 3 கிலோவோட் கீசர் 230 வோல்ட்டில் 13 அம்பியர் இழுக்கும். மல்ட்டி பிளக்கில் மாட்டினால் வயர் உருகும். கீசருக்கெனத் தனி வயர், சரியான எர்த், இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை வேண்டும். அந்த சுவிட்ச் குளிப்பவரின் கைக்கு எட்டக் கூடாது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிர்காக்கும். அதன் டெஸ்ட் பொத்தானை ஆறு மாதத்துக்கொரு முறையேனும் அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் கீசரைப் பாவிக்காதீர்கள்.

ராத்தா வீட்டு மூடியை அன்றே கழற்றச் செய்தோம். வால்வின் கீழே குழாய் பூட்டி, நீரைக் கானுக்கு விட்டாயிற்று. சுவரும் காய்ந்தது. பாஸ் வந்தால் நீங்களும் பக்கத்தில் நின்று கேளுங்கள்: “கட்-அவுட் எங்கே? வால்வு எங்கே? எர்த் இருக்கிறதா?” கேட்பதில் வெட்கமில்லை. அந்தக் குளியலறையில் குளிப்பது நம் பிள்ளைகள்.