'சர்வர் இல்ல, நாளைக்கு வாங்க'... ரேஷன் கடை மெஷினுக்குப் பின்னால் என்னதான் நடக்குது?

ரேஷன் கடையில் "சர்வர் இல்ல" என்று சொன்னால், டவுனில் இருப்பவருக்கு இன்னொரு நடை, அவ்வளவுதான். ஆனால், ஜவ்வாது மலையில் கூலி வேலையை விட்டுவிட்டு நடந்து வருபவருக்கு அது ஒரு நாள் சம்பளம். அந்த சர்வருக்கு அப்படி என்னதான் ஆகுது?

விரல் வைத்ததும் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு 2017-ல் வந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு கைரேகைப் பதிவும் சேர்ந்தது. விரல் வைத்ததும் ஆதார் சர்வரிலிருந்து 'இவர்தான்' என்று பதில் வரணும். அப்புறம் வாங்கிய பொருளின் கணக்கு பதிவாகணும். இதில் எங்கே தடைபட்டாலும் நம் காதில் விழுவது "சர்வர் இல்ல" மட்டும்தான்.

மூணும் வேற வேற கோளாறு

1. சிக்னல்: மலைப்பகுதியில் டவர் விட்டு விட்டுக் கிடைக்கும். சர்வர் நல்லாத்தான் இருக்கும், மெஷினால் அதை எட்ட முடியாது.

2. கைரேகை: வேலை செய்து தேய்ந்த விரல் ரேகை பொருந்தாமல் போகும்.

3. நகல் சிக்கல்: பெரிய சேவைகளில் ஒரே தகவலைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைப்பார்கள். இதுதான் 'ரெப்ளிகேஷன்'. ஒரு நகல் பின்தங்கினால், ஒரு சர்வரில் இருக்கும் பதிவு இன்னொன்றில் இருக்காது.

ஏன் பிடிபட மாட்டேங்குது?

மூன்றாவதுதான் தலைவலி. இன்ஜினியர் பார்க்கும் நேரத்தில் நெட்வொர்க் திரும்பியிருக்கும், நகலும் சரியாகியிருக்கும். அதனால் நகல் எத்தனை விநாடி பின்தங்குது என்பதை நாள் முழுக்கப் பதிவு செய்யணும். பிழை வந்த நேரத்தையும் நெட்வொர்க் அறுந்த நேரத்தையும் ஒப்பிடணும். சர்வர்களின் கடிகாரம் ஒத்துப்போகுதா, டிஸ்க்கில் இடம் இருக்கா என்றும் பார்க்கணும். வெறும் ரீஸ்டார்ட் செய்தால் காரணம் தெரியாமலே போகலாம்.

சின்ன தடங்கல் எவ்வளவு பெரிதாகும்? 2018 அக்டோபர் 21-ல் கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தில் நெட்வொர்க் தொடர்பு 43 விநாடி அறுந்தது. அதற்குள் மேற்குக் கரை சர்வர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டன. இரு பக்கமும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சரிசெய்ய 24 மணி நேரம் 11 நிமிடம் ஆனது.

நீங்க என்ன செய்யணும்?

நெட்வொர்க் இல்லை, கைரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள குடும்பத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படியான பொருளை மறுக்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கணும் என்று 2017 அக்டோபர் 24-லேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ரேஷன் கார்டையும் ஆதாரையும் கையில் எடுத்துட்டுப் போங்க. அப்படியும் திருப்பி அனுப்பினால், மெஷின் திரையில் வந்த வாசகத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1967-க்குப் புகார் செய்யுங்க. கோளாறைத் தேடுபவருக்கும் அந்த நேரம்தான் முதல் துப்பு.